சீலன்ட் போட்ட காருக்கு உப்புக்கறை எப்படி வந்துச்சு?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நம்ம ஊர்ல எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே காட்சிதான். போர்வெல் குழாயை மாட்டி காரை அலசுவோம். பாத்திரம் விளக்குற லிக்விடை ஊத்தி நுரை வர தேய்ப்போம். அப்படியே வெயில்ல காய விட்டுட்டு சந்தனம், குங்குமம் வெச்சுடுவோம். எங்க வீட்டு காருக்கும் அதேதான் நடந்துச்சு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் ஆசை ஆசையா ரெண்டு கோட் சீலன்ட் போட்டிருந்தேன். பூஜை முடிஞ்சு பார்த்தா பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையா வட்டம். அடுத்த மாசம் காரைப் பார்க்க வந்தவர் அதைத் தடவிப் பார்த்துட்டுத்தான் விலையே பேச ஆரம்பிச்சார். அப்பா ஒண்ணும் சொல்லலை, என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தாருங்க.

தப்பு எங்கேன்னு பார்க்க, பெயின்ட்டோட அடுக்குகளைத் தெரிஞ்சுக்கணும். இரும்புத் தகடு மேல பிரைமர், அதுக்கு மேல நிறம், கடைசியா நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து நூறு மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல. அதுல கிளியர் கோட் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான், அதாவது தலைமுடியை விட மெல்லிசு. பாலிஷ் போடுறப்போ கீறல் மறையுதே, அது கீறலை நிரப்பி இல்லை; சுத்தி இருக்குற கிளியர் கோட்டைச் சுரண்டித்தான். சீலன்ட் அதுக்கு நேர் எதிர். அது மேல ஏத்துற ஒரு செயற்கை பாலிமர் படலம், பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. பறவை எச்சமும் வெயிலும் முதல்ல அதைத் தின்னட்டும்னு விடுற பலியாடு அது. (அவினாசி ரோடு ஜிடி கார் மியூசியத்துல இருக்குற பழைய கார்கள் காலத்துல இந்த கிளியர் கோட்டே கிடையாது. அப்போ காவல் மெழுகுதான்.)

"அப்போ பத்து கோட் போட்டா பத்து மடங்கு பாதுகாப்பா?" இல்லைங்க. முதல் கோட்ல கை படாம விட்டுப்போன இடங்களை ரெண்டாவது கோட் மூடும். அதுதான் அதோட பெரிய பலன். அதுக்கு மேல போனா, புது சீலன்ட்ல இருக்குற கரைப்பான் கீழே இருக்குறதையே கொஞ்சம் இளக்கிடும். மிச்சத்தைத் துணியால துடைச்சு எடுத்துடுவோம். ரெண்டு கோட்டுக்கு நடுவுல 12 முதல் 24 மணி நேரம் தண்ணி படாம விடணும், பாலிமர் இறுகணும்ல. எவ்வளவு நேரம்னு டப்பாவுல போட்டிருக்கும், அதைப் படிங்க. மெழுகு போடணும்னா சீலன்ட்டுக்கு மேலதான். மெழுகு மேல சீலன்ட் போட்டா பெயின்ட்டைப் பிடிக்க அதுக்கு இடமே இல்லை. அதே காரணத்துக்காகத்தான், போடுறதுக்கு முன்னாடி கழுவி, கிளே பார் தேய்ச்சு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணியால எண்ணெய்ப் பசையைத் துடைக்கச் சொல்றாங்க. நிழல்ல, பேனல் கைக்குக் குளிர்ச்சியா இருக்கறப்போ, மெல்லிசா பூசுங்க. தடிமனா பூசினா துடைக்க கை வலிக்குமே தவிர வேற லாபம் இல்லை.

இப்போ அந்த வட்டத்துக்கு வருவோம். சீலன்ட் போட்ட பரப்புல தண்ணி தாமரை இலை மேல மாதிரி உருண்டு நிக்கும். தொடுகோணம் 90 டிகிரியைத் தாண்டினா அது நீர்வெறுக்கும் பரப்புன்னு கெமிஸ்ட்ரியில படிச்சிருப்போம். பார்க்க அழகுதான். ஆனா போர்வெல் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் உப்பு கரைஞ்சிருக்கு. சப்பையா பரவின தண்ணி காய்ஞ்சா உப்பு லேசா எங்கும் படியும். உருண்டு நின்ன துளி காய்ஞ்சா அத்தனை உப்பும் ஒரே சின்ன வட்டத்துல குவியும். அதாவது சீலன்ட் நல்லா வேலை செஞ்சதாலதான் என் கார்ல கறை அவ்வளவு எடுப்பா தெரிஞ்சுது! போதாக்குறைக்குப் பாத்திர லிக்விட் வேற. பிசுக்கை எடுக்கவே செஞ்ச சாமான், புது சீலன்ட்டை மட்டும் விட்டு வைக்குமா?

வழி ரொம்ப சாதாரணமானது. போர்வெல் தண்ணியில கழுவுங்க, தப்பில்லை. காய மட்டும் விடாதீங்க. கடைசியா ரெண்டு பக்கெட் சிறுவாணித் தண்ணியை மேல இருந்து மெதுவா ஊத்துங்க. மிச்சத்தை மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுங்க. கார் ஷாம்பூவுக்கு ஒரு பக்கெட், துணி அலச இன்னொரு பக்கெட். மண்ணைத் திரும்பக் கொண்டுபோய் பெயின்ட்ல தேய்க்காம இருக்கத்தான். புதுக் கறைன்னா வினிகரோட சரிபாதி தண்ணி கலந்து, நனைச்ச துணியை ஒரு நிமிஷம் போட்டு வெச்சுக் கழுவிடுங்க, கார்பனேட் கரைஞ்சிடும். அந்த இடத்துல சீலன்ட்டும் போயிருக்கும்னு வெச்சுக்கிட்டு மறுபடி ஒரு கோட் போட்டுடுங்க. பறவை எச்சத்தை அன்னிக்கே நனைச்சு எடுங்க. சந்தனம், குங்குமத்தையும் மறுநாளே நனைச்சு எடுத்துடுங்க. காய்ஞ்சதைச் சுரண்டினா கீறல்தான் மிச்சம்.

திறந்த வெளியில நிக்குற காருக்கு மூணு, நாலு மாசத்துக்கு ஒரு தடவை புது கோட் போடலாம். நாள் கணக்கை விட, கழுவுறப்போ பானெட்ல தண்ணி உருளுதா, சோம்பலா பரவுதான்னு பாருங்க. ஆனா அழுக்குப் படிஞ்சிருந்தாலும் உருளாது. அதனால நல்லா கழுவின பிறகு பார்த்து முடிவு பண்ணுங்க.

பைக் டேங்குக்கும் இதே முறைதான். மேட் ஃபினிஷ் டேங்குக்கு மட்டும் பாலிஷ் போட்டுடாதீங்க. அங்கங்கே பளபளன்னு ஆயிடும், திரும்ப மேட் ஆக்க முடியாது.