சூடான மோட்டார் ஏன் முரண்டு பிடிக்கிறது?

விடியற்காலையில் ஒரே உதையில் கிளம்புகிற மோட்டார், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ நிறுத்திவிட்டு, கால் மணி நேரத்தில் சாமான் வாங்கிக்கொண்டு வந்து உதைத்தால் உயிர் கொடுப்பதில்லை. நிழலில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தாலோ, ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடுகிறது. "என்ன கோளாறுன்னே புரியலீங்க அண்ணே" என்று நம்மிடம் வந்து முறையிடும் தோழர்கள் பலர்.

இது சின்ன விஷயமல்ல. 2025-ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்தில் 6 நாள் வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. வழியில் பெட்ரோல் போட நிறுத்திய வண்டி கிளம்பாமல் பெரட்டைத் தவறவிட்டால், அன்றைய கூலி போச்சு. பட்டறைச் செலவு அதற்கு மேல்.

வண்டி என்பது நமக்கு ஆடம்பரமாக இருந்ததே இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரக் கித்தாத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற போராட்டத்தில், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. துரைக்காக இறங்க மாட்டோம் என்று நின்ற கூட்டம், இன்று கோளாறு தெரியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமா?

கேரித் தீவுப் பக்கத்துத் தோழர் ஒருவர் மூன்று தடவை பட்டறைக்குப் போனார். தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிடும். பட்டறைக்காரர் உதைத்ததும் கிளம்பிவிடும். "நல்லாத்தானே இருக்கு!" என்பார். ஆனாலும் முதல் தடவை பிளக், அடுத்த தடவை பேட்டரி, மூன்றாவது தடவை கார்புரேட்டர் என்று மாற்றிவிட்டார். கோளாறு போகவில்லை. கடைசியில் வேறொரு இடத்தில் வால்வு இடைவெளியைச் சரிசெய்தார்கள், குணமாகிவிட்டது. அதற்குப் புதுச் சாமான் எதுவும் தேவைப்படவில்லை.

ஆகவே முதல் பாடம் இதுதான்: சூட்டில் வருகிற கோளாறைச் சூட்டிலேயே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்ப்பது, காய்ச்சல் இறங்கிய பிறகு டாக்டரிடம் போவது மாதிரி. கார்புரேட்டர் வைத்த கப்சாய் வண்டியில் நாமே பார்க்கக்கூடியவை நான்கு. கூட்டரசு நெடுஞ்சாலை மோட்டார் பாதையில் நின்றுவிட்டால், முதலில் வண்டியைப் பத்திரமான இடத்திற்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.

ஒன்று, பெட்ரோல் தொட்டி மூடி. அதிலுள்ள சிறு துவாரத்தின் வழியாகத்தான் காற்று உள்ளே போகும். தூசி அடைத்துக்கொண்டால் பெட்ரோல் கீழே இறங்காது. மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று இழுத்து, பிறகு வண்டி கிளம்பினால், துவாரத்தைச் சுத்தம் செய்தால் போதும்.

இரண்டு, உதையின் கனம். காலையில் காலுக்குக் கனமாக இருந்த உதை, சூட்டில் லேசாகப் போகிறதா? வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகப்படலாம். சூட்டில் வால்வுத் தண்டு நீளும். அதற்கு விட்ட இடைவெளி குறைந்துபோயிருந்தால் வாய் மூடாது, அமுக்கம் கசிந்துவிடும். ஹோண்டா கப்சாய்களில் இந்த இடைவெளி பொதுவாக 0.05 மில்லிமீட்டர், ஒரு மயிரிழை கனம்தான். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே இதைச் சரிசெய்ய வேண்டும்.

மூன்று, தீப்பொறி. பழைய நல்ல பிளக் ஒன்றைப் பெட்டியில் போட்டு வையுங்கள். எஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்ற வேண்டாம். சூட்டில் கழற்றினால் மரை கெட்டுப்போகும். தொட்டி மூடியை இறுக்கிவிட்டு, பெட்ரோல் கசிவு இல்லையென்று பார்த்துக்கொண்டு, பிளக் தொப்பியைப் பழைய பிளக்கில் மாட்டுங்கள். தொப்பியை மட்டும் பிடித்து, பிளக்கின் இரும்பை எஞ்சின் உடம்பில் ஒட்டவைத்து, சாவியைத் திறந்து உதையுங்கள். சூட்டில் பொறி இல்லை, ஆறியதும் வருகிறது என்றால் காயிலோ சிடிஐ பெட்டியோ காரணமாக இருக்கலாம். காயிலுக்குள் சுற்றிய மெல்லிய கம்பியில் விரிசல் இருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துவிடும்.

நான்கு, பெட்ரோல் வாடை. பொறி நன்றாக இருந்து, வாடையும் தூக்கலாக அடித்தால், எஞ்சினுக்குள் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. சோக்கைத் தொடாமல், கைப்பிடியை முழுதும் முறுக்கி உதையுங்கள். அப்படிக் கிளம்பினால் கார்புரேட்டர் மிதவையின் ஊசியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதிய இன்ஜெக்ஷன் வண்டிகளில் கார்புரேட்டர் கிடையாது. அவற்றில் பெட்ரோல் பம்பையும் சென்சாரையும் பட்டறையில்தான் சோதிக்க வேண்டும்.

கண்டதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: "சூட்டில் பொறி இல்லை", "சூட்டில் உதை லேசு". அந்தச் சீட்டைப் பட்டறையில் காட்டி, அதே சூட்டில் ஓட்டிப் பார்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சாமான் மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள், ரசீதும் கேளுங்கள். ஆதாரத்தோடு பேசுகிறவனிடம் தோட்ட நிர்வாகமே இறங்கி வந்திருக்கிறது; பட்டறைக்காரரும் ஊகத்துக்கு விலை வைக்கத் தயங்குவார்.