கிட்டாரைத் துடைக்க கண்ணாடி கிளீனர், சானிடைசர் போதுமா? பூச்சு கெடாமல் சுத்தம் செய்வது எப்படி?

ஆயுத பூஜைக்கு கிட்டாருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. மறுநாள் பொட்டைத் துடைக்கணும். கிட்டார் பாலிஷ் பெட்டிக்கடையில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. காரைக்கால் மாவட்டத்தின் விழிதியூரானாலும் வேறு எந்த ஊரானாலும், வீட்டு அலமாரியில் இருப்பவை கண்ணாடி கிளீனர், சானிடைசர், தேங்காய் எண்ணெய், பைக் பாலிஷ். 'அழுக்குதானே, எதுல துடைச்சா என்ன?' என்று தோன்றும். ஆனால் சில பூச்சுகளில் ஒரே ஒரு துடைப்பு நிரந்தரத் தழும்பாகிவிடும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கிட்டார் மேல் இருப்பது என்ன பூச்சு என்பதுதான். இன்று விற்கும் பெரும்பாலான கிட்டார்களில், குறிப்பாக விலை குறைந்தவற்றில், இருப்பது பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர். கெட்டியான பிளாஸ்டிக் போன்ற இந்தப் பூச்சு கொஞ்சம் தாங்கும். கிப்சன், மார்ட்டின் போன்ற நிறுவனங்களின் விலை உயர்ந்த மாடல்கள் பலவற்றில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் இருக்கும். இது மென்மையானது. ஸ்டாண்டில் உள்ள ரப்பர் தொடர்ந்து பட்டாலே தடம் விழக்கூடும்.

கையால் செய்யும் கிளாசிக்கல் கிட்டார்கள் சிலவற்றில் பூசுவது ஷெல்லாக். அரக்குப் பூச்சியிடமிருந்து கிடைக்கும் அதே அரக்குதான். ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் இந்த முறைக்குப் பெயர் பிரெஞ்சு பாலிஷ். (1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் இந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை, மர பீரோவுக்கு ஆசாரி போடுவதும் இதையேதான்.) ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும். சானிடைசரில் இருப்பதும் ஆல்கஹால்தான். நைட்ரோ லாக்கரையும் அது மங்கச் செய்துவிடும். ஆல்கஹாலோ அம்மோனியாவோ கலந்த கண்ணாடி கிளீனருக்கும் இதே கதிதான். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகவே வேண்டாம்.

பைக், கார் பாலிஷில் வேறொரு சிக்கல். பலவற்றில் சிலிகான் இருக்கும். துடைத்த அன்று கிட்டார் ஜொலிக்கும். பின்னாளில் விரிசலைச் சரிசெய்ய லாக்கர் அடிக்கும்போது, சிலிகான் பட்ட இடத்தில் புதுப் பூச்சு ஒட்டாமல் குழி குழியாகப் பிரியும். எனவே கிட்டார் பாலிஷ் வாங்கும்போதும் லேபிளில் 'சிலிகான் இல்லை' என்று இருக்கிறதா, உங்கள் பூச்சுக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா எனப் பார்ப்பது அவசியம். மேட், சாட்டின் ரக கிட்டாருக்குப் பாலிஷே வேண்டாம். தேய்த்த இடம் மட்டும் பளபளத்து திட்டுத்திட்டாகத் தெரியும்.

அப்போ எதுல துடைக்கிறது?

பெரும்பாலும் மைக்ரோஃபைபர் துணியே போதும். முதலில் தூசியைத் தட்டி விடணும். கடற்கரைப் பக்கம் காற்றில் வரும் மணல் துணிக்கடியில் மாட்டினால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். பிறகு மூச்சை ஊதி, அந்த ஈரத்தோடு மெதுவாகத் துடைக்கலாம். வியர்வைக் கறை போகவில்லையென்றால் துணியை லேசாக நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றலாம். பூச்சில் விரிசல் இருந்தால் தண்ணீர் கூடாது, மரத்துக்குள் இறங்கிவிடும். எந்தத் திரவமானாலும் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகே மற்ற இடத்துக்கு.

ஃப்ரெட்போர்டு தனிக்கதை. ரோஸ்வுட் என்றால் பெரும்பாலும் பூச்சு இருக்காது. கம்பி மாற்றும்போது எப்போதாவது, அதற்கென்றே விற்கும் எண்ணெயில் சில துளிகள் தடவித் துடைத்துவிடலாம். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும், தூசியையும் இழுத்து ஒட்டும். பூச்சு அடித்த மேப்பிள் ஃப்ரெட்போர்டுக்கு எண்ணெயே தேவையில்லை.

ஆயுத பூஜை முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். டெல்டா கடலோரத்தில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் கம்பியையும் கை படும் இடத்தையும் ஒரு முறை துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட கேஸில் வைத்தால் வியர்வை படிந்து கறையாகாது. சந்தனமும் குங்குமமும்? குங்குமச் சாயம் மேட் பூச்சிலும் பூச்சில்லாத மரத்திலும் ஊறிவிடும். பொட்டு காய்வதற்குள் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கணும். அதைவிட, பொட்டை கேஸ் மேல் வைத்துவிடலாம்.