விழுந்தபின் ஏன் படுத்தே கிடக்கக் கூடாது?

அறுபதைத் தாண்டியவர் ஓடும்போது இடறி விழுந்தால், ‘ஒரு மாசம் அசையாம படுங்க’ என்பார்கள் வீட்டார். அக்கறைதான்; ஆனால் கெடுதலும் அங்கேதான் தொடங்குகிறது. 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்கள் 10 நாள் படுக்கையில் இருந்தபோது, கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை கரைந்தது. பாரம் ஏறாத தசை, சாப்பிட்ட புரதத்தைக் கொண்டு தன்னைக் கட்டிக்கொள்வதைக் குறைத்துவிடுகிறது. தொடை தளர்ந்தவர் மறுபடி இடறினால், சட்டென்று அடுத்த காலை முன்வைத்துச் சமாளிப்பது கடினம்.

எலும்பு முறிந்திருந்தால்? நியாயமான கேள்வி. ஊன்றும்போது இடுப்பு சுருக்கென்று வலித்தால் எக்ஸ்ரே முதலில். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால் உடனே மருத்துவமனை. முறிவில்லை என்று தெரிந்தபின் வலி பொறுக்கும் அளவுக்கு நடை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருதல். இந்த வயதில் தசை தேறுமா என்பார்கள். தேறும்: 1990-இல் வெளியான பாஸ்டன் ஆய்வில் தொண்ணூறை ஒட்டியவர்களே 8 வாரப் பயிற்சியில் கால்வலுவைக் கூட்டிக்கொண்டார்கள்.