ஷிஃப்ட் முடிந்த பிறகு: பாலாற்றங்கரையில் ஐம்பதைத் தாண்டுதல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, வேலூர் வட்டாரத்தில் பலருக்கு ஐம்பது வயது கம்பெனி வேலையில் இருக்கும்போதே வந்துவிடுகிறது. டேனரியில் டிரம் பார்ப்பவர், தோலைத் தரம் பிரிப்பவர், ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைப்பவர் என யாராக இருந்தாலும் உடம்பின் மாற்றம் வீட்டில் தெரிவதற்கு முன் வேலையில் தெரியும். ஊசியில் நூல் கோக்க நேரம் பிடிக்கும். எட்டு மணி நேரம் சிமெண்ட் தரையில் நின்ற கால் மாலையில் வீங்கும். தனியார் ஆலைகளில் 58 வயதை ஒட்டிக் கணக்கு முடிப்பது வழக்கம். தினக்கூலிக்கு அந்தக் கணக்கும் கிடையாது. ஆக, முப்பது ஆண்டுகளாகச் சங்கு ஊதும் நேரத்துக்குப் பழகிய ஒருவர், ஊதாத சங்குக்கும் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்திருக்கும் நிலை இந்த ஊர்களில் சாதாரணம்.

எண்ணிக்கையிலும் இது சிறிய கூட்டம் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. 2021-க்கான மதிப்பீட்டில் அது 13.6 விழுக்காடாகி, 16.5 விழுக்காடு கொண்ட கேரளத்துக்கு அடுத்த இடத்தைத் தமிழ்நாடு பிடித்தது. முதியோர் மருத்துவத்திலும் மாநிலத்துக்குப் பழைய தொடர்பு உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் டாக்டர் வி. எஸ். நடராசன்.

உடம்பில் முதலில் மாறுவது கண். நாற்பதைத் தாண்டியதும் விழியாடி இறுகத் தொடங்கி, அருகிலுள்ள எழுத்து மங்குகிறது. இதுதான் வெள்ளெழுத்து. தையல் பிரிவில் இருக்கும் பெண்கள் மற்றவர்களைவிட முன்னதாகவே இதைக் கண்டுகொள்கிறார்கள். தையல் கோடு விலகினால் சூப்பர்வைசர் சும்மா இருப்பதில்லை. தேர்த் திருவிழாக் கடையில் போட்டுப் பார்த்து வாங்கும் கண்ணாடி எழுத்தைப் பெரிதாக்கும், அவ்வளவே. கண்நீர் அழுத்தத்தையோ, சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் கோளாறையோ அது காட்டிக்கொடுக்காது. இரண்டும் வலியில்லாமல் வளர்பவை. வேலூரில் 1902-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மேரி டேபர் ஷெல் மருத்துவமனைதான் இன்று சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனையாக ஆரணி சாலையில் இயங்குகிறது. கண்புரை அறுவைக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மூன்று தலைமுறையாக மக்கள் அங்கே போய் வருகிறார்கள்.

கண்ணுக்குக் கிடைக்கும் கவனம் காதுக்குக் கிடைப்பதில்லை. டிரம், தோலைச் சீவும் எந்திரம், கம்ப்ரசர் எல்லாம் சேர்ந்து எழுப்பும் இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டினால், நாளுக்கு எட்டு மணி நேரம் எனப் பல ஆண்டுகள் கேட்பவரின் உட்செவியில் உள்ள நுண்முடிச் செல்கள் அழியும். அவை திரும்ப முளைப்பதில்லை. வயதால் வரும் கேட்கும் திறன் குறைவும் அதோடு சேரும்போது முதலில் போவது உச்ச ஒலிகள். பேசும் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. கல்யாண வீட்டில் எதிரில் இருப்பவர் கேட்டது புரியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருபவர், அடுத்த கல்யாணத்துக்கு மொய்ப் பணத்தை மகனிடம் கொடுத்தனுப்புகிறார். குடும்பம் அதை வயதானவரின் வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. ஐம்பதுக்குப் பிறகு ஊரோடு கலந்திருக்க விரும்புபவருக்குக் காது பரிசோதனை இரத்தப் பரிசோதனை அளவுக்கு அவசியம். ஆனால் கண்ணாடிக்குக் கூசாத மனிதர்கள் காதுக் கருவிக்குக் கூசுகிறார்கள்.

மூன்றாவது, தசை. முப்பதுகளிலிருந்தே பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைந்துகொண்டு வருகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் எலும்பின் அடர்த்தியும் குறையும். வாரத்துக்கு 150 நிமிடமாவது ஓரளவு மூச்சு வாங்கும்படியான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இரண்டு நாளும், அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்குத் தள்ளாடாமல் நிற்கும் பயிற்சி மூன்று நாளும் அதன் பரிந்துரையில் உண்டு. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது ஆகியவற்றுக்கு ஜிம் தேவையில்லை. ‘ஆயுசுக்கும் உழைச்ச உடம்பு, இதுக்கு மேல என்ன பயிற்சி’ என்ற கேள்வி கம்பெனி ஆட்களிடம் அடிக்கடி எழும். ஒரே இடத்தில் நின்று ஒரே கையால் செய்த வேலை அந்தக் கையைத்தான் தேய்த்திருக்கும். தொடைக்கும் இடுப்புக்கும் வலுவைக் கொடுத்திருக்காது.

பணத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பத்து ஆண்டு பி.எஃப். சேவை முடித்தவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் கிடைக்கும். வேலையை விட்டவர் 50 வயதுக்குப் பிறகு முன்கூட்டியும் கேட்கலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டு விழும், பிறகு அது சரியாகாது. மகள் கல்யாணத்துக்காக 51 வயதில் எழுதிக்கொடுப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. இன்னொன்று பலருக்கும் தெரியாதது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் ஐந்து ஆண்டாவது இருந்து ஓய்வு வயதில் விலகியவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். எந்தத் திட்டத்திலும் சேராதவருக்கு மாநில அரசின் முதியோர் உதவித்தொகை உண்டு. 2023-ல் அது 1,200 ரூபாய் ஆனது. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது.

இவ்வளவும் ஒழுங்கான பிறகு நாளை எப்படிக் கழிப்பது என்ற கேள்வி வருகிறது. முதியோர் மன்றம், பகல் நேரக் காப்பகம் என்று நகரங்கள் இப்போது யோசிக்கின்றன. இந்த வட ஆர்க்காட்டு ஊர்களில் அதற்கு முன்பிருந்தே பெரியவர்களுக்கு இடம் ஒதுக்கிய பொழுதுபோக்குகள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது பாரதக் கூத்து.

பங்குனி தொடங்கி வைகாசி, ஆனி வரை இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து எனப் பல நாட்களுக்கு அது நீளும். வில்லிபுத்தூராரின் பாடலைப் பாடிப் பொருள் சொல்லும் பிற்பகல் நேரத்தில் பந்தலுக்குள் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். கதை அவர்களுக்கு மனப்பாடம். சொல்பவர் ஒரு கிளைக்கதையை விட்டுவிட்டால் முன்வரிசையிலிருந்தே குரல் வரும். அர்ச்சுனன் தபசன்று நடிகர் பாடிக்கொண்டே உயரமான கம்பத்தில் ஏற, கீழே குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரத்துணியோடு காத்திருப்பார்கள். பதினெட்டாம் போருக்கு மண்ணால் பெரிய துரியோதனன் உருவத்தைத் தரையில் கிடத்தி, படுகளம் முடிந்த மாலையில் தீ மிதிப்பார்கள். மண்ணைக் குழைத்து உருவம் பிடிப்பதிலிருந்து யார் வீட்டு வரிசை எப்போது வரவேண்டும் என்பது வரை ஒவ்வொன்றுக்கும் பெரியவர்கள் சொல்லும் முறை தேவைப்படுகிறது. பொழுதுபோக்கு என்ற பெயரில் ஓரமாக உட்கார வைக்கும் ஏற்பாடுகளைவிட இது எவ்வளவோ மேல்.

இரவுக் கூத்துக்கும் வயதானவரின் தூக்கத்துக்கும் ஒரு பொருத்தம் உண்டு. வயது ஏற ஏற உடம்பின் கடிகாரம் முன்னே நகர்ந்து, எட்டு மணிக்கே கண் சொருகி, மூன்று மணிக்கு விழிப்பு வரும். கூத்தின் உச்சக் காட்சிகள் பெரும்பாலும் விடியற்காலையை ஒட்டித்தான் வரும். முன்னிரவில் வீட்டில் தூங்கிவிட்டுப் பின்னிரவில் எழுந்து போகிறவர் நல்ல பகுதியை முழுசாகப் பார்த்துவிடலாம். மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பாதம் வீங்கும்; இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர் இருட்டில் செருப்பில்லாமல் போகக்கூடாது.

நகரத்தில் இருப்பவருக்கு வேலூர்க் கோட்டை. பதினாறாம் நூற்றாண்டுக் கோட்டையின் அகழி ஓரமும் பூங்காவும் விடியற்காலை வாக்கிங்குக்கு ஏற்றவை. உள்ளே நெடுங்காலம் வழிபாடில்லாமல் கிடந்த ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981-ல் மீண்டும் லிங்கம் வைக்கப்பட்டது. அந்த நாளை நேரில் பார்த்தவர்கள் இன்றும் நடைக்கு வருகிறார்கள். கோயிலும் தேவாலயமும் மசூதியும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடமும் இதுதான். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இங்கே சிறை வைக்கப்பட்டு, 1832-ல் ஐம்பதைச் சற்றே கடந்த வயதில் இறந்தான். பாலாற்றங்கரையில் அவனது சமாதி முத்து மண்டபம் என்று அறியப்படுகிறது. லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு இவற்றைக் காட்டப் பாட்டனுக்கு நிகரான ஆள் கிடைப்பது கடினம்.

வேலூர் வெயிலை இங்கே கணக்கில் எடுத்தாக வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். வயதானவருக்குத் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். வியர்வை குறைவதால் உடம்பும் சூட்டை எளிதில் வெளியேற்றாது. கொதிப்புக்கு நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஏழு மணிக்குள் நடையை முடித்துக்கொண்டு, தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீரோ மோரோ குடிக்கும் பழக்கம் நல்லது.

சாப்பாட்டில் ஆம்பூர்க்காரரிடம் பிரியாணியை நிறுத்தச் சொல்வதில் பயனில்லை. சீரகச் சம்பாவும், ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயும், கத்தரிக்காய்த் தொக்கும், வெங்காயத் தயிர்ப் பச்சடியும் சேர்ந்த அந்தத் தட்டு ஊரின் ஞாயிற்றுக்கிழமை. இரவில் தின்பதை மதியத்துக்கு மாற்றி, சோற்றைப் பாதியாக்கி, கறியை முன்போலவே வைத்துக்கொண்டால் தசைக்கு வேண்டிய புரதமும் கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்தான் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். மற்ற நாட்களுக்குக் கேழ்வரகுக் களியும் கீரையும், சவ்வாது மலைச் சாமையும், வேர்க்கடலையும் இந்த மண்ணிலேயே விளைகின்றன. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் தெருக்களில் அஸர் தொழுகைக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரம் பெரியவர்களுடையது. பள்ளிவாசலை ஒட்டிய டீக்கடையில் அன்றைய தோல் விலையும் மருமகன் துபாயிலிருந்து அனுப்பிய செய்தியும் பேசப்படும். உருது வேரூன்றிய ஊர்கள் என்பதால் முஷாயிராவும் நடக்கும். நல்ல அடி விழும்போது சபையே ‘வாஹ்’ என்று எழும் அந்தக் கவியரங்கில், வயது கூடக்கூடக் கவிஞருக்கு மரியாதையும் கூடுகிறது. ரமலானில் நோன்பு பிடிக்க விரும்பும் சர்க்கரை நோயாளிகள் ஒரு மாதம் முன்பே மாத்திரை, இன்சுலின் நேரத்தை மருத்துவரோடு பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். முடியாத முதியவருக்கு ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா என்ற வழியை மார்க்கமே வைத்திருக்கிறது.

பெண்களின் கணக்கு வேறு. ஷூ கம்பெனியிலிருந்து நின்றவருக்கு வீட்டில் சமையலும் பேரக்குழந்தையும் காத்திருக்கும். ஓய்வு என்று ஒன்று வருவதே இல்லை. கம்பெனி வேனில் தினமும் ஒன்றாக வந்துபோன பத்துப் பதினைந்து பேரின் நட்பும் ஒரே நாளில் அறுந்துபோகிறது. அவர்களுக்குப் பெரிய உதவி, 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் கிடைக்கும் கட்டணமில்லாப் பயணம். கையில் காசில்லாமலே, யாரிடமும் கேட்காமலே, பழைய தோழி வீட்டுக்கோ ரத்தினகிரி கோயிலுக்கோ ஆடி மாதக் கூழ் வார்ப்புக்கோ போய்வர முடிகிறது. தனியார் பஸ்ஸில் இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

ஏலகிரிக்குப் பொன்னேரியிலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், கீழே கொதிக்கும் மாதங்களிலும் காற்று இதமாக இருக்கும். அங்குள்ள சுவாமிமலை ஏற்றம் முழங்காலுக்கு ஆகாதவருக்குப் புங்கனூர் ஏரிப் படகு போதும். சவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். 1986-ல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. மலை வளைவுகளில் தலைசுற்றல் வருபவர் முன் இருக்கையில் அமர்ந்து, வெறும் வயிற்றோடும் வயிறு நிறையவும் ஏறாமல் இருந்தால் சமாளிக்கலாம்.

கூட்டம் நெருக்கும் விழாக்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். தை, மாசியில் ஊர் ஊராக நடக்கும் மாடு விடும் விழாவில் எந்தக் காளை எத்தனை நொடியில் ஓடியது என்று பழைய கணக்குச் சொல்பவர்கள் பெரியவர்களே. ஆனால் விலகி ஓட முடியாதவருக்குத் தெருவோரத்தைவிட மாடிதான் பத்திரம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள், அக்னி நட்சத்திர வெயிலில் வருகிறது. ஊர்வலப் பாதையில் சொந்தக்காரர் வீடு உள்ளவர்கள் முந்தைய நாள் இரவே போய்த் தங்கிவிடுகிறார்கள். வீட்டு வாசலுக்கே அம்மன் சிரசு வரும்போது தேங்காய் உடைத்துவிட்டு, கூட்டம் கலைந்த பின் பொழுது சாய்ந்து பஸ் ஏறுகிறார்கள்.