சேப்பாக்கம் போறீங்களா? பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்க!

"சார், பாட்டிலை இங்கேயே வெச்சுட்டுப் போங்க."

"தண்ணிதாங்க... குழந்தைக்கு!"

"தண்ணியா இருந்தாலும் விட முடியாது சார். பையும் உள்ளே போகாது. ஓரமா வாங்க, பின்னாடி க்யூ நிக்குது."

மேட்ச் நாளன்று சேப்பாக்கம் எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியத்தின் ஒவ்வொரு வாசலிலும் நூறு தடவையாவது நடக்கிற உரையாடல் இது. தாம்பரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் குடும்பமாகக் கிளம்பி, ரயில் மாறி, வெயிலில் நடந்து, க்யூவில் நின்று கடைசியில் வாசலுக்கு வந்தால், வீட்டிலிருந்து பார்த்துப் பார்த்து எடுத்து வந்ததெல்லாம் வெளியே நிற்கிறது. புளியோதரை டப்பா, ஃப்ளாஸ்க், குடை எல்லாமே! பையை வாங்கி வைத்துக்கொள்ள அங்கே ஆள் இருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். அவசரத்தில் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே ஓடுகிறவர்களும் உண்டு. பாதி ஆட்டத்தில்தான் ஞாபகம் வரும்: 'ஐயையோ, அப்பாவோட மாத்திரை அந்தப் பையிலதானே இருந்தது!'

புளியோதரை போனால் போகட்டும். மாத்திரை போகக் கூடாது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

"காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கோம், தண்ணி கொண்டு போகக் கூடாதா?" என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் காரணமும் இருக்கிறது. 1996 உலகக் கோப்பை அரை இறுதி ஞாபகமிருக்கும். கல்கத்தா ஈடன் கார்டனில் இந்தியா தோற்கும் நிலைக்கு வந்ததும் மைதானத்துக்குள் பாட்டில்கள் பறந்தன. இருக்கைகளில் தீ வைத்தார்கள். ஆட்டத்தைத் தொடர முடியாமல் இலங்கை ஜெயித்ததாக அறிவித்தார்கள். நம் சேப்பாக்கத்திலும் 2018 ஏப்ரலில், காவிரிப் போராட்டம் சூடாக இருந்த நேரத்தில், ஐ.பி.எல். ஆட்டத்தின்போது மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன.

ஆக, வாசலில் சோதனை செய்கிறவர் மனதில் இருப்பது இரண்டே கேள்விகள்தான். இதைத் தூக்கி எறிய முடியுமா? இதனால் தீப்பிடிக்குமா? பாட்டில், கேன், குடை, ஹெல்மெட், கொடிக் கம்பு, தீப்பெட்டி, லைட்டர், பட்டாசு, சிகரெட், பான் மசாலா, பை, வெளிச் சாப்பாடு, லேப்டாப் எல்லாம் வழக்கமாகவே தடைப் பட்டியலில் வருகிறவை. சில்லறைக் காசு, பவர் பேங்க், சென்ட் பாட்டில் ஆகியவற்றை சில ஆட்டங்களில் நிறுத்துவார்கள், சிலவற்றில் கண்டுகொள்ள மாட்டார்கள். பட்டியல் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். டிக்கெட்டோடு வருகிற பொடி எழுத்து நிபந்தனைகளை வீட்டிலேயே ஒருவர் உரக்கப் படித்துவிடுங்கள். மூக்குக் கண்ணாடி தேடிக் கொடுக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

அமெரிக்காவில் பேஸ்பால் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டம். பல ஸ்டேடியங்களில் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலை அனுமதிக்கிறார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் பை என்றால் அதற்கும் சரி. இங்கே 2023 உலகக் கோப்பையின்போது ரசிகர்களுக்குக் குடிநீர் இலவசம் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் எந்த ஆட்டத்துக்குப் போனாலும் தண்ணீர் இருக்குமிடத்தை விசாரித்துக்கொண்டு உட்காருவதுதான் புத்திசாலித்தனம்.

மாத்திரைக்குத் தடை இல்லை, ஆனால்...

நோயாளியின் மருந்தைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. தகராறு வருவது அதை நாம் கொண்டு போகும் விதத்தில்தான். நம் வீடுகளில் என்ன பழக்கம்? மாத்திரையை உறையிலிருந்து பிரித்து, காலண்டர் பேப்பரில் மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொள்வது! காகிதத்தில் சுற்றிய வெள்ளை மாத்திரையைப் பார்த்தால் சோதனை செய்கிறவருக்கு சந்தேகம் வரத்தான் செய்யும். அட்டையோடு, பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி கொண்டு போங்கள். முழு அட்டை வேண்டாம், அன்றைக்குத் தேவையானதும் ஒரு வேளை கூடுதலாகவும் இருந்தால் போதும். கூடவே டாக்டர் சீட்டின் ஜெராக்ஸ். "செல்போன்லயே போட்டோ இருக்கே" என்பீர்கள். அத்தனை கூட்டத்தில் போனில் சார்ஜ் தீர்ந்து போகிற நாளும் உண்டு. காகிதம் ஒன்று இருக்கட்டும்.

ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஹேலர் பார்ப்பதற்குச் சின்ன ஸ்ப்ரே டப்பா மாதிரியே இருக்கும். ஸ்ப்ரே டப்பா தடைப் பட்டியலில் உள்ள சாமான். அதனால் சீட்டு அவசியம். கேட்டால் பொறுமையாகக் காட்டுங்கள். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைப் பேன்ட் பையில் அல்ல, சட்டைப் பையில் வையுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த மாத்திரையை நின்றுகொண்டு போடக் கூடாது, உட்கார்ந்துதான் போட வேண்டும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். கேலரிப் படிக்கட்டில் விழுந்தால் அது இன்னொரு கேஸ்!

ஏழரை மணி ஆட்டமும் எட்டு மணி மாத்திரையும்

எல்லாரையும்விட அதிகமாக யோசித்துப் போக வேண்டியவர்கள் சர்க்கரை நோயாளிகள்தான். ராத்திரி ஆட்டம் ஏழரைக்கு ஆரம்பிக்கிறது. வீட்டிலிருந்து நாலு மணிக்கே கிளம்பியாயிற்று. ரயில், நடை, படிக்கட்டு என்று வழக்கத்தைவிட உடம்பு அதிகமாக உழைத்திருக்கிறது. எட்டு மணிக்குப் பழக்க தோஷத்தில் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார், அல்லது இன்சுலின். 'இன்னும் ரெண்டு ஓவர் பாத்துட்டு சாப்பிடலாம்' என்று உட்கார்ந்துவிடுகிறார். பிறகு ஸ்டாலுக்குப் போனால் அங்கே அரை மணி நேரக் க்யூ. மருந்து தன் வேலையை ஆரம்பித்துவிட்டது, வயிற்றிலோ ஒன்றுமில்லை. சர்க்கரை கிடுகிடுவென்று இறங்குகிறது.

அளவு 70-க்குக் கீழே போனால் தாழ்நிலை. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, அகோரப் பசி. இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும், நடை தள்ளாடும். ஸ்டேடியத்தில் இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. தள்ளாடிக்கொண்டே குழறிப் பேசுகிற மனிதரைப் பார்த்து, "ஊத்திக்கிட்டு வந்திருக்கான்பா" என்று பக்கத்தில் உள்ளவர்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள். உதவி கிடைக்க வேண்டிய நேரத்தில் கிடைக்காமல் போகும். சர்க்கரை நோயாளி என்று எழுதிய சின்ன அட்டை ஒன்று, வீட்டு போன் நம்பரோடு, சட்டைப் பையில் இருந்தால் இந்த அவமானமும் ஆபத்தும் இல்லை.

கொண்டு போக வேண்டியது 15 கிராம் சர்க்கரை. அதாவது 3 டீஸ்பூன். காபிக்குக் கொடுக்கிற சின்னச் சர்க்கரைப் பொட்டலங்கள் அல்லது மருந்துக் கடையில் விற்கிற குளுக்கோஸ் மாத்திரை. பெயர் தெரியாத பொட்டலமாக வெள்ளைப் பொடியைக் கட்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்! சாக்லேட் வேண்டாம். அதிலிருக்கிற கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். நம் ஊர் வெயிலில் அது பாக்கெட்டிலேயே பாயசமாகிவிடும் என்பது வேறு விஷயம். சர்க்கரையைச் சாப்பிட்டு 15 நிமிடம் பாருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். தேறியதும் சமோசாவோ பன்னோ, கிடைப்பதைச் சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-க்குச் சொல்லுங்கள், அதைவிட வேகமாக ஸ்டேடியத்தின் முதலுதவி அறைக்கு ஆள் அனுப்புங்கள்.

எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. சாப்பாடு கையில் வந்த பிறகுதான் மருந்து. மேட்ச் நாளன்று வேளையை எப்படி மாற்றிக்கொள்வது என்பதை முந்தின நாளே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வெயில், வியர்வை, ஓர் ஆஸ்திரேலியர்

1986 செப்டம்பர். இதே சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்ட். டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஆடி 210 ரன் எடுத்தார். நடுவிலேயே மைதானத்தில் வாந்தி. கை கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. அந்த ஆட்டம் 'டை'யில் முடிந்து சரித்திரமானது. நமக்கு அதில் பாடம் வேறு: நல்ல உடல் பயிற்சி உள்ள இளைஞரையே நம் ஊர்க் காற்று படுக்க வைத்துவிட்டது.

காரணம் வெறும் வெயில் மட்டுமல்ல. கடற்கரை ஊரில் காற்றிலேயே ஈரம் அதிகம். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். தண்ணீரும் உப்பும் போகும், சூடோ இறங்காது.

இதற்கு வேதனையான சாட்சியம் மிக அருகிலேயே உண்டு. 2024 அக்டோபர் 6-ந் தேதி மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சி. தாம்பரம், வேளச்சேரிப் பக்கமிருந்தெல்லாம் ரயில் ரயிலாக ஜனம் போனது. காலை 11 மணி நிகழ்ச்சிக்கு எட்டு மணிக்கே வந்து இடம் பிடித்தவர்கள் ஏராளம். குடை, தண்ணீர் எல்லாம் கொண்டு வரலாம் என்று சொல்லியிருந்தும், வெயிலிலும் நெரிசலிலும் பலர் மயங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. கையில் பாட்டில் இருக்கலாம் என்ற இடத்திலேயே அப்படி என்றால், பாட்டிலே கூடாது என்கிற இடத்துக்கு உடம்பைத் தயார் பண்ணிக்கொண்டுதான் போக வேண்டும்.

எப்படி? பாட்டிலில் கொண்டு போக முடியாததை வயிற்றில் கொண்டு போங்கள். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீர், அல்லது உப்புப் போட்ட நீர்மோர். உள்ளே போனதும் தாகத்துக்குக் காத்திராமல் அவ்வப்போது கொஞ்சம். 'பாத்ரூம் போக வேண்டியிருக்குமே' என்று தண்ணீரே குடிக்காமல் வருகிற பெண்மணிகள் நம் வீடுகளில் எத்தனை பேர்! தலைவலியும் மறுநாள் நீர்க்கடுப்பும் வருவது அதனால்தான். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

200 மில்லி தண்ணீருக்கென்று சின்ன ஓ.ஆர்.எஸ். பாக்கெட் மருந்துக் கடையில் கிடைக்கும். சீல் உடைக்காமல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியில் விற்கிற இனிப்புத் தண்ணீரெல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அந்தப் பெயரை அப்படிப்பட்ட பானங்களுக்கு வைக்கக் கூடாது என்று 2025-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடையே போட்டது. குடைக்குப் பதில் துணித் தொப்பி. கர்ச்சீப்புக்குப் பதில் சின்ன காட்டன் துண்டு. நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஒருவர் வெயிலில் உளற ஆரம்பித்தாலோ உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது சாதாரண மயக்கமில்லை. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறிக்கொண்டே உதவிக்கு ஆள் அனுப்புங்கள். குளிர வைப்பதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

குட்டி ரசிகர்கள்

விசில் போடுகிற ஊர் இது. சத்தத்துக்குக் கேட்கவா வேண்டும்? 85 டெசிபல் சத்தத்தைக் காது எட்டு மணி நேரம் தாங்கும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான் என்கிறது பாதுகாப்புக் கணக்கு. விக்கெட் விழும்போது ஸ்டேடியம் அதைத் தாண்டுவது சகஜம். குழந்தையின் காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பிரயோஜனமில்லை. மருந்துக் கடையில் ஸ்பாஞ்ச் அடைப்பான் கிடைக்கும், விரலளவு கூட இருக்காது. சின்னஞ்சிறு குழந்தை என்றால் காதை முழுதாக மூடுகிற ஹெட்போன் மாதிரியான கவசம்தான் சரி. கைக்குழந்தையோ, ஒரு ராத்திரி ஆட்டத்தைப் பாட்டியோடு வீட்டில் டி.வி.யில் பார்க்கட்டுமே!

ஓடி விளையாடுகிற வயதுப் பிள்ளையின் சட்டைப் பையில் அப்பா, அம்மா போன் நம்பர், ஸ்டாண்டு பெயர், சீட் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு. போன் நம்பரை மட்டும் எழுதாதீர்கள். கூட்டத்தில் போன் மணி யாருக்குக் கேட்கும்?

போகிற வழி, வருகிற வழி

டூ வீலரில் சேப்பாக்கம் வரை போகிறவர்களுக்கு ஹெல்மெட்டே தலைவலி. வண்டியையும் ஹெல்மெட்டையும் தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டிலேயே பூட்டிவிட்டு மின்சார ரயிலில் பார்க் இறங்கி, எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் சேப்பாக்கம் ஸ்டேஷன் ஸ்டேடியத்தை ஒட்டியே இருக்கிறது. கிண்டியில் இறங்கி மெட்ரோ மாறினால் அரசினர் தோட்டம் ஸ்டேஷன், அங்கிருந்து நடை. சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணைக்காரர்களுக்கு வேளச்சேரிக்கு வந்து பறக்கும் ரயில் ஏறுவதே சுலபம்.

ஆட்டம் முடியப் பதினொன்றரை ஆகும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அன்றைக்கு மெட்ரோ நேரத்தை நீட்டியிருக்கிறார்களா என்பதைப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு வந்தவர்கள் கடைசிப் பந்து விழுந்ததும் எழுந்து ஓட வேண்டாம். பதினைந்து நிமிடம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் படிக்கட்டு காலியாகிவிடும். உள்ளே வாங்கிய தண்ணீர் மிச்சமிருந்தால் அதையும் அப்போதே குடித்துவிடலாம், தாம்பரம் வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வர வேண்டியிருந்தாலும் இருக்கும்.