தலை காக்கும் கவசம்

பொலிசாரைக் கண்டதும் தலைக்கவசத்தை அணிந்து, அவரைக் கடந்ததும் கழற்றிப் பெற்றோல் தாங்கியின்மேல் வைத்துச் செல்லும் இளைஞரை நாம் வீதியிற் காண்கின்றோம். அக்கவசத்தின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு செய்யத் துணியார்.

1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி, 'அராபிய லோரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி. ஈ. லோரன்ஸ், இங்கிலாந்திலே டோர்செற் பகுதியில் மோட்டார் சைக்கிளில் விரைந்து வந்தார். துவிச்சக்கரவண்டியிற் சென்ற சிறுவர் இருவர்மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பியபோது தூக்கியெறியப்பட்டார். தலைக்கவசம் அணிந்திராத அவர், தலைக்காயத்தினால் 19ஆந் திகதி உயிர்நீத்தார்.

அவரைப் பார்வையிட்ட வைத்தியருள் ஒருவர், மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரான ஹியூ கெயர்ன்ஸ். பின்னர் இவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசத்தின் அவசியத்தை 1941இல் எடுத்துரைத்தார். அவ்வாண்டிலேயே பிரித்தானிய இராணுவம் தன் ஓட்டுநருக்கு அதனைக் கட்டாயமாக்கிற்று. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த ஆய்வொன்று, கவசம் மரண அபாயத்தை நூற்றுக்கு 42 வீதமும், தலைக்காய அபாயத்தை 69 வீதமும் குறைப்பதாகக் கணித்தது.

கவசத்தின் உள்ளேயுள்ள நுரைப்படலம் தான் நசுங்கி, மூளைக்குச் செல்லும் அதிர்ச்சியைத் தணிக்கின்றது. ஆதலின், ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் மீண்டும் உதவாது. நாடிப்பட்டியைப் பூட்டாவிடின், கவசம் விழும்போதே கழன்றோடும். வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது. கவசம் அணிந்தமை விரைந்தோட அனுமதியன்று.

மாணவர்காள்! பின்னிருக்கையில் அமரும் தாய்க்கும் தங்கைக்கும் தலை ஒன்றே. அவர்களுக்கும் ஒரு கவசம் கொண்டபின்னரே வண்டியை இயக்குவோமாக.