பொருளின் ஆயுளும் அழிவும்

நிரலில் பொருள்கள் தோன்றுகின்றன; பயன்படுகின்றன; மறைகின்றன. தோற்றத்தைக் கவனிப்போர் பலர். மறைவைக் கவனிப்போர் சிலர். ஒரு பொருள் எப்போது அழிய வேண்டும்? அதனை அழிக்கும் பொறுப்பு யாருடையது? இவ்வினாக்களுக்கு நிரல்மொழிகள் கண்ட விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நினைவகமும் பந்தியும்

திருமண வீட்டுப் பந்தியில் இடம் சிறிது. உண்ண வந்தோர் பலர். ஒருவர் உண்டு எழுந்ததும் இலையை எடுத்து இடத்தைத் தூய்மை செய்தால்தான் அடுத்தவர் அமர இயலும். கணினியின் நினைவகமும் இத்தகையதே. நிரலில் ஒரு பொருள் உருவாகும்போது அதற்கு நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. பொருளின் பணி முடிந்ததும் அவ்விடம் மீட்கப்பட வேண்டும். பொருள் உருவாக்கப்பட்டதுமுதல் அழிக்கப்படும்வரை உள்ள காலமே அதன் ஆயுட்காலம் ஆகும்.

மூவகைப் பிழைகள்

இலை எடுப்பதில் மூன்று தவறுகள் நேரலாம். உண்டவர் எழுந்து சென்ற பின்னரும் இலையை எடுக்காமல் விடுவது முதல் தவறு. இவ்வாறே பயன்படாத பொருள்கள் அழிக்கப்படாமல் தங்கிவிடுவதை நினைவகக் கசிவு என்பர். நாள்கணக்கில் ஓய்வின்றி இயங்கும் கணினிகளில் சிறு கசிவும் பெருகி, இயக்கத்தையே நிறுத்திவிடும்.

உண்டுகொண்டிருப்பவரின் இலையை எடுத்துவிடுவது இரண்டாம் தவறு. நிரலின் ஒரு பகுதி விடுவித்த பொருளை மற்றொரு பகுதி தொடர்ந்து பயன்படுத்தும்போது இப்பிழை நேர்கிறது. ஒருமுறை எடுத்த இடத்தில் மறுமுறையும் எடுப்பது மூன்றாம் தவறு. அதற்குள் அவ்விடத்தில் வேறொருவர் அமர்ந்திருக்கக்கூடும்.

இவற்றுள் இரண்டாவது மிகவும் ஆபத்தானது. விடுவிக்கப்பட்ட இடத்தில் தீயநோக்குடையோர் தம் தரவுகளைப் புகுத்திவிட்டால், நிரல் அவற்றையே பழைய பொருள் என நம்பிச் செயல்படும். குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் திட்டம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அதன் கடுமையான பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளாகும். அவற்றுள் பாதி, விடுவித்த பொருளை மீண்டும் பயன்படுத்தியதால் விளைந்தவை.

நிரலரே பொறுப்பு

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி, இப்பொறுப்பை நிரலரிடமே ஒப்படைத்தது. ‘மல்லாக்’ என்னும் செயற்கூற்றால் இடம் கேட்டுப் பெறும் நிரலர், ‘ஃப்ரீ’ என்னும் செயற்கூற்றால் அதனைத் திருப்பித் தர வேண்டும். இம்முறை விரைவானது, ஆனால், மறதிக்கு இடந்தராத கவனத்தை வேண்டுவது. பலர் கூடி எழுதும் பெரிய நிரல்களில், ஒரு பொருளை இறுதியாகப் பயன்படுத்துவோர் யார் என அறிவதே அரிதாகும்.

குப்பை திரட்டல்

சி மொழி தோன்றுவதற்கு முன்பே மற்றொரு விடை பிறந்திருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லிஸ்ப் மொழியை வடிவமைத்த ஜான் மெக்கார்த்தி, அழிக்கும் பணியை மொழியின் இயக்க அமைப்பிடமே அளித்தார். அவ்வமைப்பு, நிரலால் சென்றடையக்கூடிய பொருள்களை முதலில் குறித்துக்கொள்ளும். குறிக்கப்படாதவற்றின் இடத்தை மீட்டுக்கொள்ளும். 1960ஆம் ஆண்டில் வெளியான அவரது கட்டுரையில் இம்முறை விளக்கப்பட்டுள்ளது. இதுவே குப்பை திரட்டல் எனப்படுகிறது.

இம்முறையில் நிரலரின் சுமை குறைகிறது. ஆனால், திரட்டல் எப்போது நிகழும் என்பதை நிரலர் முன்னறிய இயலாது. லிஸ்ப் மொழியைத் தொழில்துறையினர்க்கு மெக்கார்த்தி செய்துகாட்டியபோது, இடையில் நினைவகம் தீர்ந்து குப்பை திரட்டி இயங்கத் தொடங்கியது. தான் அழைக்கப்பட்ட செய்தியையும் அதன் புள்ளிவிவரங்களையும் அது தட்டச்சுப் பொறியில் மெதுவாக அச்சிட, எஞ்சியிருந்த நேரமும் கழிந்தது. அரங்கில் சிரிப்பலை எழுந்தது. அன்று அது நகைப்புடன் முடிந்தது. நொடிப்பொழுதும் தாமதிக்கக் கூடாத கருவிகளில் இத்தகைய இடைநிறுத்தம் பெருந்தீங்காகும்.

எண்ணிக்கை முறை

அதே 1960ஆம் ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ் வேறொரு வழியைக் கூறினார். ஒரு பொருளை எத்தனை இடங்களிலிருந்து சுட்டுகின்றனர் என்பதை எண்ணிவருதலும், எண்ணிக்கை சுழியமானதும் அதனை அழித்தலுமே அவ்வழி. பைத்தான் மொழியின் பரவலான செயலாக்கம் இன்றும் இதனைப் பின்பற்றுகிறது. எனினும், இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்தால், அவற்றை வேறெவரும் நாடாதபோதும் எண்ணிக்கை சுழியமாகாது. எனவே, அத்தகைய சுழல்களைக் கண்டறியும் திரட்டி ஒன்றும் பைத்தானில் உடனிணைந்து செயல்படுகிறது.

அழிப்பியும் வரையெல்லையும்

கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப், சிமுலா மொழியில் ஒரு பெரிய நிரலை எழுதினார். திரட்டுவதற்குக் குப்பையே இல்லாதபோதும், அந்நிரலின் நேரத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் குப்பை திரட்டியே எடுத்துக்கொண்டது. பின்னர் 1979ஆம் ஆண்டில், பெல் ஆய்வகத்தில் சி++ மொழிக்கான பணியைத் தொடங்கிய அவர், குப்பை திரட்டியை நாடவில்லை. மாறாக, ஆக்கி, அழிப்பி என்னும் இணையை மொழியில் அமைத்தார். பொருள் பிறக்கும்போது ஆக்கி இயங்கும். செயற்கூற்றுக்குள் அறிவிக்கப்பட்ட பொருளின் வரையெல்லை முடியும் இடத்தில் அழிப்பி தானே இயங்கும். பல பொருள்கள் இருப்பின் இறுதியில் தோன்றியது முதலில் அழியும்.

இதன் பயன் நினைவகத்தோடு நிற்பதில்லை. மதிப்பெண் பட்டியல் அடங்கிய கோப்பு ஒன்றை ஒரு பொருள் திறக்கிறது எனக் கொள்வோம். அக்கோப்பை மூடுவதும் அப்பொருளின் கடமையே. அழிப்பியில் அக்கட்டளையை எழுதிவிட்டால், இடையில் எழும் பிழையை நிரல் ஏற்றுக் கையாளும்போதும் கோப்பு உரியவாறு மூடப்படும். குப்பை திரட்டும் மொழிகளில் இவ்வுறுதி இல்லை. ஜாவா மொழி, பொருள் மறையும் முன் இயங்குவதற்கென ‘ஃபைனலைஸ்’ என்னும் செயற்கூற்றை வழங்கியது. அது எப்போது இயங்கும், இயங்குமா என்பதே உறுதியற்றதாக இருந்ததால், 2017ஆம் ஆண்டு வெளிவந்த ஒன்பதாம் பதிப்பு அதனைத் தவிர்க்கத்தக்கது என அறிவித்தது.

உடைமையும் இரவலும்

2015ஆம் ஆண்டில் முதல் நிலைப்பதிப்பைக் கண்ட ரஸ்ட் மொழி, ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் உடைமையாளர் உண்டு என்னும் விதியை வகுத்தது. உடைமையாளரின் வரையெல்லை முடிந்தால் மதிப்பும் அழியும். பிறர் அதனை இரவலாகப் பெறலாம். ஆனால், இரவல் பொருளின் ஆயுளைக் கடந்து நீடிக்க இயலாது. இவ்விதி மீறப்பட்டால், நிரல் இயங்குவதற்கு முன்பே நிரல்பெயர்ப்பி அதனை ஏற்க மறுக்கும். இயக்கத்தின்போது குப்பை திரட்டி தேவையில்லை. ஆனால், விதிகளைக் கற்றுத் தேர்வதற்கு உழைப்புத் தேவை.

பொறுப்பே அடிப்படை

இவ்விடைகளுள் செலவற்றது எதுவுமில்லை. சி மொழி நிரலரின் கவனத்தைக் கேட்கிறது. குப்பை திரட்டல் நேரத்தைக் கேட்கிறது. ரஸ்ட் மொழி முன்கூட்டிய சிந்தனையைக் கேட்கிறது. பொறுப்பு இடம் மாறுகிறதே அன்றி மறைவதில்லை. எனவே, ஒரு பொருளை உருவாக்கும் நிரலர், அது எவ்வாறு முடியும் என்பதையும் அப்போதே எண்ணுதல் வேண்டும். தோற்றத்தோடு மறைவையும் திட்டமிட்டு எழுதப்படும் நிரலே நெடுநாள் நிலைத்துப் பயன்தரும்.

கற்பவை கற்றபின்

1. நினைவகப் பிழைகள் மூன்றனுள் ஒன்றை அன்றாட வாழ்வின் வேறொரு நிகழ்வோடு ஒப்பிட்டு எழுதுக.

2. ‘அழிக்கும் பொறுப்பு நிரலரிடம் இருக்க வேண்டுமா, மொழியிடம் இருக்க வேண்டுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.